பண்டிகைக்கு முன் இருப்பு: ஐக்கிய அமெரிக்காவின் விளையாட்டுப் பொறி வியாபாரம் பற்றிய ஒரு நோக்கு

பண்டமொன்று கடையிற் கிடைக்காதபோது, அது எங்கோ ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றது என்ற ஐயம் வாங்குவோர் உள்ளத்தில் எழுவது இயல்பே. அரிசி, சீனி, மண்ணெண்ணெய் முதலிய அத்தியாவசியப் பண்டங்கள் தொடர்பில் நாம் நன்கறிந்த இவ்வையம், செல்வச் செழிப்பு மிக்க நாடுகளிற் பிள்ளைகளின் விளையாட்டுச் சாதனங்கள் தொடர்பிலும் எழுவதுண்டு. ஐக்கிய அமெரிக்காவில் நத்தார்ப் பண்டிகை நெருங்குங் காலத்திற் பெரிதும் நாடப்படும் வீடியோ விளையாட்டுப் பொறிகள் கடைத் தட்டுகளிலிருந்து மறைந்து விடுவதும், சில்லறை வியாபாரிகள் அவற்றைப் பதுக்கி வைத்திருக்கின்றனர் என்ற குற்றச்சாட்டு எழுவதும் பல ஆண்டுகளாக மீண்டும் மீண்டும் நிகழ்ந்து வந்துள்ளன. இக்குற்றச்சாட்டு எவ்வளவிற்குப் பொருத்தமானது? வியாபாரி ஒருவன் இன்றே விற்கக்கூடிய பண்டத்தை இரண்டு மாதம் கழித்து அதே விலைக்கு விற்பதற்காக ஏன் வைத்திருக்க வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டிகைக் காலமும் உற்பத்தியும்

ஐக்கிய அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை நன்றி நவிலும் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. அதற்கு மறுநாளான வெள்ளிக்கிழமை தொடக்கம் நத்தார் வரையுள்ள சில வாரங்களே அந்நாட்டு வியாபாரிகளின் அறுவடைக் காலமாகும். நவம்பர், டிசம்பர் ஆகிய இரு மாதங்களிலும் நடைபெறும் விற்பனை, ஆண்டு முழுவதும் நடைபெறும் சில்லறை விற்பனையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்காகும். விளையாட்டுப் பொருள்களைப் பொறுத்தவரை இப்பங்கு இன்னும் உயர்வானது.

கேள்வி இவ்வாறு சில வாரங்களிற் குவிந்து காணப்பட, உற்பத்தியோ அவ்வாறு குவிய முடியாது. விளையாட்டுப் பொறியொன்றுக்குத் தேவையான அரைக்கடத்திச் சில்லுகள் பல மாதங்களுக்கு முன்னரே கட்டளையிடப்பட வேண்டியவை. பொறிகளை ஒன்றுசேர்க்குந் தொழிற்சாலைகளும் மாதத்துக்கு இவ்வளவு என்ற எல்லைக்கு உட்பட்டே இயங்குகின்றன. நின்டெண்டோ நிறுவனம் 2007 ஆம் ஆண்டில் தனது 'வீ' என்னும் பொறியை உலகச் சந்தை முழுவதற்குமாக மாதமொன்றுக்கு 18 இலட்சம் என்ற அளவில் உற்பத்தி செய்தது. டிசம்பர் மாதக் கேள்வி ஏனைய மாதங்களின் கேள்வியைப் போற் பன்மடங்காக இருக்கையில், டிசம்பரில் உற்பத்தியாவதைக் கொண்டு மட்டும் அதனை நிறைவு செய்தல் இயலாது. ஆகவே கோடை காலத்தில் உற்பத்தியானவற்றில் ஒரு பகுதியை யாரோ ஒருவர் பண்டிகை வரை வைத்திருந்தேயாக வேண்டும். உற்பத்தியாளர், மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி ஆகிய மூவருள் அப்பொறுப்பு எவரைச் சாரும் என்பதே வேறுபடுகின்றது.

கப்பல் பண்டத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு செல்வது போன்று, பண்டகசாலை அதனை ஒரு காலத்திலிருந்து இன்னொரு காலத்துக்குக் கொண்டு செல்கின்றது. முன்னையதை எவரும் குறை கூறுவதில்லை. பின்னையதே ஐயத்துக்கு உள்ளாகின்றது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டே மேற்செல்லுதல் வேண்டும்.

பற்றாக்குறையின் வரலாறு

இத்தகைய பற்றாக்குறைகளுக்குச் சான்றுகள் பலவுள. சோனி நிறுவனத்தின் இரண்டாவது பிளேஸ்டேஷன் 2000 ஒக்டோபர் 26 ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது, முதலில் அறிவிக்கப்பட்ட 10 இலட்சம் பொறிகளுக்குப் பதிலாக 5 இலட்சமே அனுப்பப்பட்டன. உறுப்புகளின் தட்டுப்பாடே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. 2006 நவம்பர் 17 இல் வெளிவந்த மூன்றாவது பிளேஸ்டேஷனின் உற்பத்தியை நீல லேசர் உறுப்பின் தட்டுப்பாடு தாமதப்படுத்தியது. அதற்கு இரு நாள்களின் பின், நவம்பர் 19 இல், 249.99 டொலர் விலையில் விற்பனைக்கு வந்த 'வீ' பொறியோ அடுத்து வந்த நத்தார்களிலும் எளிதிற் கிடைக்காத பண்டமாகவே இருந்தது. 2020 நவம்பரில் வெளிவந்த ஐந்தாவது பிளேஸ்டேஷனின் தட்டுப்பாடு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 2022 மார்ச்சில் முடிவடைந்த நிதியாண்டில் 148 இலட்சம் பொறிகளை விற்கச் சோனி எண்ணியிருந்தது. விற்றதோ 115 இலட்சமே.

இவ்வரலாற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகின்றது. தட்டுப்பாட்டின் தோற்றுவாய் பெரும்பாலும் சில்லறைக் கடையில் இல்லை. அது தொழிற்சாலையிலும் சில்லு உற்பத்தியிலுமே உள்ளது. எனினும் தட்டுப்பாடு தோன்றிய பின், கிடைத்த சிறு தொகையை எந்நாளில் எவருக்கு விற்பது என்னுந் தீர்மானம் சில்லறை வியாபாரியின் கைக்கு வந்து விடுகின்றது.

விலை ஏன் உயர்வதில்லை?

பொருளியலின் தொடக்க நூல்கள், கேள்வி கூடி நிரம்பல் குறையுமிடத்து விலை உயரும் எனக் கூறுகின்றன. ஊக வாணிபத்தில் ஈடுபடுவோன் இன்று குறைந்த விலைக்கு வாங்கி, நாளை உயர்ந்த விலைக்கு விற்கும் நோக்குடனேயே பண்டத்தைப் பதுக்குகின்றான். ஆனால் விளையாட்டுப் பொறியின் விலை ஒக்டோபரிலும் டிசம்பரிலும் பொதுவாக ஒன்றே. உற்பத்தியாளர் நாடறிய அறிவித்த விலையை மீறிப் பெருங்கடைகள் விற்பது அரிது.

இதற்குக் காரணம் சட்டத்தடையன்று. டானியல் கானமன், ஜக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூவரும் 1986 இல் வெளியிட்ட ஆய்வொன்று இவ்விடத்திற் குறிப்பிடத்தக்கது. 15 டொலருக்கு விற்ற பனி அள்ளும் மண்வெட்டியைப் பெரும்பனி பெய்த மறுநாட் காலையில் 20 டொலராக உயர்த்துதல் நியாயமா என அவர்கள் கனடா நாட்டவரை வினவினர். விடையளித்தோரில் நூற்றுக்கு 82 பேர் அது நியாயமன்று எனக் கூறினர். பிள்ளைக்கு நத்தார்ப் பரிசு வாங்க வரும் பெற்றோரிடம் விலையைக் கூட்டிக் கேட்கும் கடைக்கு அவர்கள் ஆண்டு முழுவதும் வராதொழியலாம் என்னும் அச்சம் வியாபாரிக்கு உண்டு. அன்றியும், உற்பத்தியாளரின் மனம் கோணின் அடுத்த முறை பொறிகளின் வரவு குறையலாம் என்ற அச்சமும் உண்டு.

எனவே விலை அசையாது நிற்கின்றது. விலையால் ஆற்ற முடியாத பணியைக் காலம் ஆற்றுகின்றது. எவ்விலைக்கு விற்பது என்பதைத் தீர்மானிக்க இயலாத வியாபாரி, எப்போது விற்பது என்பதைத் தீர்மானிக்கின்றான். முன்னே எழுப்பிய வினாவுக்கான விடையின் திறவுகோல் இதுவேயாகும்.

இருப்பு வைத்தலின் காரணங்கள்

முதலாவது காரணம் நிரப்புப் பண்டங்கள் பற்றியது. விளையாட்டுப் பொறியை விற்பதனாற் சில்லறை வியாபாரிக்குக் கிடைக்கும் இலாபம் மிகச் சிறிதளவே. அவனுக்கு இலாபந் தருவன அதனோடு வாங்கப்படும் விளையாட்டுகள், மேலதிகக் கட்டுப்பாட்டுக் கருவிகள், நீடித்த உத்தரவாதங்கள் ஆகியனவேயாம். ஒக்டோபர் மாதத்தில் வரும் வாடிக்கையாளர் பெரும்பாலும் விளையாட்டில் ஆழ்ந்த ஈடுபாடுடையோர். தமக்கு வேண்டிய ஒன்றை மட்டும் தெரிந்து வாங்கிச் செல்வோர். டிசம்பரில் வருவோர் பெற்றோரும் பாட்டன் பாட்டிமாருமாவர். பொறியை மட்டும் பரிசாகக் கொடுத்தால் நத்தார்க் காலையிற் பிள்ளை விளையாட முடியாது என்பதை உணர்ந்து, அவர்கள் துணைப் பொருள்களையும் சேர்த்தே வாங்குகின்றனர். அவ்வாறு வந்தவர்கள் கடையின் வேறு பகுதிகளிலும் பரிசுகள் வாங்குவர். ஆகவே ஒரே விலைக்கு விற்கப்படும் ஒரே பொறி, டிசம்பரில் வியாபாரிக்குக் கூடிய வருவாயைத் தருகின்றது.

இரண்டாவது காரணம் விளம்பரம். அமெரிக்கப் பெருங்கடைகள் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளோடு விளம்பர இதழ்களை விநியோகிப்பது நீண்டகால வழக்கமாக இருந்தது. இவ்விதழ்கள் பல வாரங்களுக்கு முன்னரே அச்சிடப்படுவன. போதிய இருப்பின்றி ஒரு பண்டத்தை விளம்பரப்படுத்தி மக்களைக் கடைக்கு இழுத்தல் தூண்டில் விளம்பரமாகக் கருதப்படும். நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய கேள்விக்குப் போதிய இருப்பு இல்லையாயின், இருப்பு வரையறைக்குட்பட்டது என விளம்பரத்திலேயே கூறுதல் வேண்டும் என ஐக்கிய அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழுவின் வழிகாட்டல்கள் உணர்த்துகின்றன. 'வீ' தட்டுப்பாட்டுக் காலத்தில், ஒவ்வொரு கடையிலும் குறைந்தது இத்தனை பொறிகள் உண்டு எனப் பெருங்கடைகள் தம் இதழ்களில் அச்சிட்டன. அவ்வாக்கைக் காப்பாற்றுவதற்காகக் கிழமை நாள்களில் வந்த பொறிகளைத் தட்டில் வைக்காது ஞாயிறு காலை வரை பின்னறையில் வைத்திருந்தன. செவ்வாய்க்கிழமை வெறுங்கையோடு திரும்பியவருக்கு இது பதுக்கலாகவே தோன்றியிருக்கும். வாங்குவோரைக் காக்க எழுந்த விதியே கதவை அடைக்கவும் காரணமாயிற்று என்பது கவனிக்கத்தக்கது.

மூன்றாவது காரணம் போக்குவரத்து. இப்பொறிகள் பெரும்பாலும் சீனா, வியட்நாம் முதலிய கீழைத்தேய நாடுகளில் ஒன்றுசேர்க்கப்பட்டுக் கொள்கலன்களிற் பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து வருகின்றன. கடற்பயணம், துறைமுக வேலைகள், தரைப் போக்குவரத்து ஆகியவற்றைச் சேர்த்து நோக்கின், டிசம்பர் நடுப்பகுதியில் ஏற்படும் குறையை அதன் பின்னர் இடும் கட்டளையால் நிரப்ப முடியாது. விமானத்தில் அனுப்பினால் செலவு இலாபத்தை விழுங்கி விடும். 2021 இலையுதிர் காலத்தில் லொஸ் ஏஞ்சல்ஸ், லோங் பீச் துறைமுகங்களுக்கு வெளியே பல பத்துக் கப்பல்கள் இடமின்றிக் காத்து நின்றன. வோல்மார்ட், டார்கெட் போன்ற பெரு நிறுவனங்கள் அவ்வாண்டில் தாமே கப்பல்களை வாடகைக்கு அமர்த்திப் பொருள்களை முற்கூட்டியே கொண்டு வந்தன. தாமதத்தை அஞ்சுவோன் முன்னதாகவே சேர்த்து வைப்பான் என்பதற்கு இது தக்க உதாரணமாகும்.

நான்காவது காரணம் பங்கீடு. தட்டுப்பாட்டின்போது உற்பத்தியாளர் ஒவ்வொரு வியாபாரிக்கும் அவர் கேட்டதில் ஒரு பகுதியையே அனுப்புவர். இதனை அறிந்த வியாபாரி, 100 தேவைப்படின் 200 கேட்கின்றான். ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோ லீ, பத்மநாபன், வாங் ஆகியோர் 1997 இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வாறான மிகைக் கட்டளைகள் வழங்கற் சங்கிலியின் மேற்படிகளுக்குச் செல்லச் செல்லப் பெருத்துக் காணப்படுதலை விளக்கியுள்ளனர். கடையில் எழும் சிறு அலை தொழிற்சாலையிற் பேரலையாகின்றது. தட்டுப்பாடு வரும் என்ற நம்பிக்கையே தட்டுப்பாட்டை வளர்க்கின்றது.

இலாப நட்டக் கணக்கு

மேற்கூறியவற்றைத் தெளிவுபடுத்தும் பொருட்டுக் கற்பனைக் கணக்கொன்றை நோக்குவோம். 240 டொலருக்கு வாங்கிய பொறியொன்றை வியாபாரி 250 டொலருக்கு விற்கின்றான் எனக் கொள்வோம். ஒக்டோபரில் விற்றால் துணைப் பொருள்களால் மேலும் 20 டொலர் இலாபம் கிடைக்கும். மொத்தம் 30 டொலர். டிசம்பரில் விற்றால் துணைப் பொருள்களால் 45 டொலர் கிடைக்கும். மொத்தம் 55 டொலர். இரண்டு மாதம் வைத்திருப்பதற்கு முதலின் வட்டி, பண்டகசாலைச் செலவு, காப்புறுதி ஆகியவற்றுக்காக 7 டொலரைக் கழித்தால் எஞ்சுவது 48 டொலர். ஆகவே காத்திருத்தலின் பயன் பொறியொன்றுக்கு 18 டொலராகும்.

ஆயினும் காத்திருத்தலில் ஆபத்துண்டு. பண்டிகைக்கு முன்னர் உற்பத்தியாளர் விலையை 50 டொலராற் குறைத்து, அதற்கு ஈடும் வழங்காது விடின், 48 டொலர் இலாபம் 2 டொலர் நட்டமாக மாறும். இந்நிகழ்வுக்கான வாய்ப்பு நூற்றுக்கு 36 ஆக இருப்பின், காத்திருப்பதும் உடனே விற்பதும் ஒன்றேயாகும். அதனிலும் கூடின் உடனே விற்பதே அறிவுடைமை. விலைக் குறைப்பு வெறுங் கற்பனையன்று. நின்டெண்டோ தனது '3டீஎஸ்' கைப்பொறியை 2011 மார்ச்சில் 249.99 டொலருக்கு வெளியிட்டு, அதே ஆண்டு ஓகஸ்டில் 169.99 டொலராகக் குறைத்தது.

இன்னுமொரு நிபந்தனையையும் இக்கணக்கிற் சேர்த்தல் வேண்டும். ஒக்டோபரில் இல்லையென்று திருப்பி அனுப்பப்பட்டவர் அடுத்த கடையிற் பொறியைப் பெற்று விடுவாராயின், வியாபாரி விற்பனையையும் இழந்து வாடிக்கையாளரையும் இழக்கின்றான். எனவே எங்கும் தட்டுப்பாடு நிலவும்போதே இருப்பு வைத்தல் பயன் தரும். எல்லாக் கடைகளிலும் தாராளமாகக் கிடைக்கும் பண்டத்தை எவரும் பதுக்குவதில்லை. பதுக்கல் தட்டுப்பாட்டை மிகுவிக்கலாம். ஆனால் அது தட்டுப்பாட்டின் விளைவாகவே முதலில் தோன்றுகின்றது.

உற்பத்தியாளரின் நலன் இவ்விடத்தில் வியாபாரியின் நலனோடு முரண்படுவதும் நோக்கற்பாலது. விளையாட்டுகளின் விற்பனையிலிருந்து பல ஆண்டுகளுக்கு உரிமைப் பங்கு பெறும் உற்பத்தியாளருக்கு, பொறி எவ்வளவு விரைவில் வீடுகளைச் சென்றடைகின்றதோ அவ்வளவு நன்மை. பின்னறையில் இருக்கும் பொறி அவருக்குப் பயனற்றது. அதனாற் பொறியை நாடி ஏமாந்தவர் போட்டி நிறுவனத்தின் பொறியை வாங்கிவிடவும் கூடும்.

1982 ஆம் ஆண்டின் பாடம்

மிகை இருப்பு எத்தகைய அழிவைத் தரும் என்பதற்கு அட்டாரி நிறுவனத்தின் வரலாறு சான்றாகும். 1981 ஒக்டோபரில் அந்நிறுவனம், 1982 ஆம் ஆண்டு முழுவதற்கும் தேவையானவற்றை முன்கூட்டியே கட்டளையிடுமாறு விநியோகத்தரைக் கேட்டது. கேட்டதில் ஒரு பகுதியே கிடைக்கும் என்ற முன்னனுபவத்தால் அவர்கள் தேவைக்கு அதிகமாகவே கட்டளையிட்டனர். ஆனால் 1982 இற் போட்டி நிறுவனங்களின் விளையாட்டுகள் சந்தையை நிறைத்தன. கட்டளைகள் இரத்துச் செய்யப்பட்டன. 1982 டிசம்பர் 7 ஆம் திகதி அட்டாரியின் தாய் நிறுவனமான வோர்னர், தனது எதிர்பார்ப்பு பெரிதும் குறைந்ததை அறிவித்தது. மறுநாள் அதன் பங்கு விலை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வீழ்ந்தது. அந்த நத்தாருக்கென அவசரமாக ஆக்கப்பட்ட 'ஈ. ரீ.' விளையாட்டுப் பேழைகள் இலட்சக் கணக்கில் விற்பனையாகாது திரும்பின. 1983 செப்டம்பரில் அட்டாரியின் விற்பனையாகாச் சரக்குகள் நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் அலமகோர்டோ நகருக்கருகே புதைக்கப்பட்டன. 2014 ஏப்பிரலில் அவ்விடம் அகழப்பட்டபோது அப்பேழைகள் வெளிவந்தன.

இதன் பின் அமெரிக்க வியாபாரிகள் விளையாட்டுப் பொறி என்ற பெயரையே அஞ்சினர். 1985 இல் நியூயோர்க் நகரிற் பரீட்சார்த்தமாக விற்பனையைத் தொடங்கிய நின்டெண்டோ, விற்பனையாகாதவற்றைத் தானே மீளப் பெறுவதாக உறுதியளித்த பின்னரே கடைகளில் இடம் பெற முடிந்தது. இருப்பின் ஆபத்தை யார் சுமப்பது என்னும் வினாவே அன்று ஒரு தொழிலின் மறுபிறப்பைத் தீர்மானித்தது.

பதுக்கலும் சேமிப்பும்

இவற்றையெல்லாம் ஆராய்ந்த பின்னும் நியாயம் பற்றிய வினா எஞ்சி நிற்கின்றது. டிசம்பருக்கென வைக்கப்படும் பொறி, ஒக்டோபரில் வந்தவரிடமிருந்து எடுத்து டிசம்பரில் வருபவருக்குக் கொடுக்கப்படுகின்றது. மொத்தத்திற் பொறிகள் கூடவுமில்லை, குறையவுமில்லை. கால ஒழுங்கே மாறுகின்றது. ஒக்டோபரில் வாங்கத் தவறிய ஆர்வலர் சனவரியில் வாங்கலாம். நத்தார்க் காலையில் ஏமாறும் ஆறு வயதுப் பிள்ளைக்குச் சனவரி ஈடாகாது. இந்நோக்கில், பண்டிகை வரை வைத்திருத்தல் பண்டத்தை அதன் தேவை மிகுந்த நாளுக்குக் கொண்டு செல்வதாகும்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. பொறிகள் ஒரே காலையில் வெளியிடப்படும்போது விடியற்காலையில் வரிசையில் நிற்கக்கூடியவருக்கே அவை கிடைக்கின்றன. முறைமாற்று வேலை செய்யும் தாய்க்கு அவ்வசதி இல்லை. இணையவழி விற்பனையில் அவ்வரிசையைத் தானியங்கிக் கணினி நிரல்கள் முந்திக் கொள்கின்றன. அவற்றைக் கொண்டு வாங்கி, இரு மடங்கு விலைக்கு மறுவிற்பனை செய்வோரே மெய்யான பதுக்கற்காரர் எனலாம். இவ்வழக்கத்தைத் தடை செய்யும் மசோதா 2021 இல் அமெரிக்கக் காங்கிரசிற் கொண்டு வரப்பட்டும் நிறைவேறவில்லை. கடைக்காரன் விலையை உயர்த்தாது விட்ட இடைவெளியை மறுவிற்பனையாளன் தன் இலாபமாக்கிக் கொள்கின்றான்.

பயனுள்ள மாற்று வழிகளும் இல்லாமலில்லை. 2007 டிசம்பரில் நின்டெண்டோவும் கேம்ஸ்டொப் என்னும் கடைத் தொகுதியும் இணைந்து, முழு விலையையும் செலுத்தியோருக்குச் சனவரி 29 ஆம் திகதிக்குள் 'வீ' பொறி தருவதாக உறுதிச் சீட்டுகளை விற்றன. நத்தார் மரத்தடியிற் பொறிக்குப் பதிலாக அச்சீட்டை வைக்க முடிந்தது. 2025 இல் இரண்டாவது 'சுவிச்' பொறி வெளிவந்தபோது யப்பானில் நின்டெண்டோ நேரடியாகக் குலுக்கல் முறையைக் கையாண்டது. ஏறத்தாழ 22 இலட்சம் பேர் விண்ணப்பித்தனர். வரிசையில் நிற்கும் ஆற்றலுக்குப் பதிலாக வாய்ப்பு அல்லது முன்பதிவு பங்கீட்டின் அடிப்படையாவதை இவற்றிற் காண்கின்றோம்.

தொகுத்து நோக்குமிடத்து, பண்டிகைக்கு முன் விளையாட்டுப் பொறிகளைச் சேர்த்து வைக்கும் வியாபாரியை அரிசி பதுக்குவோனோடு ஒப்பிடுதல் பொருந்தாது என்பது பெறப்படும். பண்டம் உயிர்வாழ்வுக்கு இன்றியமையாததன்று, விலையும் உயர்த்தப்படுவதில்லை. எனினும் அவனது செயல் முற்றிலும் குற்றமற்றது எனவும் கூறுவதற்கில்லை. இருப்பைச் சேமிப்பு என்பதா பதுக்கல் என்பதா எனத் துணிவதற்கு மூன்று வினாக்களை எழுப்பலாம் என நாம் கருதுகின்றோம். வைத்திருந்த பண்டம் வாக்களித்த நாளில் முழுமையாக வெளியிடப்பட்டதா? இருப்பு உண்டு, இன்ன நாளில் விற்கப்படும் என்ற உண்மை வாங்க வந்தவருக்குக் கூறப்பட்டதா? விற்பனை நாளில் அது சாதாரண நுகர்வோனைச் சென்றடைய வழி செய்யப்பட்டதா? பின்னறையில் நூறு பொறிகள் இருப்பதனால் ஒரு வியாபாரி குற்றவாளியாகி விடான். அவை பின்னறையில் இருக்க, வந்தவரிடம் இல்லையென்று கூறும்போதே அவன் நம்பிக்கையை இழக்கின்றான். வியாபாரிக்கு நம்பிக்கையும் ஒரு முதலே. ஒருமுறை இழந்தால் அதனை அடுத்த பண்டிகைக்குள் மீட்டல் எளிதன்று.